உட்கார்ந்துவிட்டுப் போங்கள்

இல்காவுக்கு வியாழக்கிழமை விடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அது முதல் முறை வீறிட்டு அழுவதற்குள் வெரோனா சமையலறை மூலையில் ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டாள். ஓரத்தில் சிவப்புப் பூவேலை செய்த வெள்ளைத் துணியை அந்த ஆணிகளில் மாட்டினாள். துணிக்குப் பின்னால் கட்டில், கட்டிலில் தாயும் பிள்ளையும். ஆறு வாரத்துக்கு அவளை அங்கிருந்து யாரும் எழுப்பக் கூடாது. அந்நிய ஆண் திரையைத் தொடக் கூடாது. பார்க்க வருகிறவர் யாராயிருந்தாலும் கொஞ்ச நேரமாவது உட்கார வேண்டும். நின்றபடியே வந்து நின்றபடியே திரும்பினால் குழந்தையின் தூக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடல் தாண்டி பென்சில்வேனியாவுக்கு வந்த ஸ்லோவாக் சனங்கள் எதையெதையோ விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். நிலத்தை விட்டார்கள், தாய் தகப்பனை விட்டார்கள், வந்து இறங்கியதும் சொந்தப் பெயரைக்கூடக் கம்பெனி குமாஸ்தாவின் வாய்க்கு வசதியாக மாற்றிக்கொண்டார்கள். மூலைத் திரையை மட்டும் விடவில்லை.

இல்கா, வெரோனாவின் கொழுந்தன் மனைவி. ஒரே வீட்டில் இரண்டு ஓர்ப்படிகள் குடித்தனம் செய்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இங்கேயும் அது நடந்தது. ஆனால் இப்போது சண்டை போட நேரமில்லை. சனிக்கிழமை போலீஸ் வரப்போகிறது.

அவர்கள் குடியிருந்த ஸ்டோக்ஸ் பள்ளத்தில் வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, மாதாகோவில் நிற்கும் மண்ணும் கம்பெனியுடையது. மலைக்குள் நிலக்கரி, மலையடியில் அதைச் சுட்டுக் கல்கரியாக்கும் சூளைகள். தேசம் முழுக்க ரயில் பாதை என்றும் பாலம் என்றும் வானத்தைத் தொடும் கட்டடம் என்றும் வளர்ந்துகொண்டிருந்தது. அத்தனைக்கும் எஃகு வேண்டும், எஃகுக்குக் கல்கரி வேண்டும், கல்கரிக்கு வெரோனாவின் புருஷன் ஓந்த்ரேயைப் போன்றவர்களின் முதுகு வேண்டும். அந்த முதுகுக்குக் கொடுத்த கூலியைக் கம்பெனி இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் குறைத்தது. ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள், சூளைகள் அணைந்தன. உடனே கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது, வேலைநிறுத்தக்காரன் எவனும் கம்பெனி மண்ணை மிதிக்கக் கூடாது என்று. ஊரே கம்பெனி மண் என்றால் மனிதன் எங்கே கால் வைப்பான்? ஆண்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்தில் கூடாரம் அடித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம், கீழ் வரிசையின் எட்டு வீடுகளில், பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருந்தார்கள்.

அவர்களையும் சனிக்கிழமைக்குள் வெளியேற்றிவிட வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. திங்கட்கிழமை ரயிலில் புது ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் குடிவைக்க வீடு வேண்டும். வீடு கிடைத்தால் சூளை எரியும், சூளை எரிந்தால் வேலைநிறுத்தம் செத்தது. இது பள்ளத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.

வெரோனாவுக்கு இது புதிதில்லை. முந்தைய வேலைநிறுத்தத்தின்போது இதே வீட்டில், இதே மூலையில், இதே திரைக்குப் பின்னால் அவள் படுத்திருந்தாள். வெளியே பனி கொட்டியது. போலீஸ்காரன் வாசலில் நின்று வெளியே போ என்றான். ஒரே ஒரு முறைதான் சொன்னான். வெரோனா எழுந்தாள், திரையைத் தன் கையாலேயே கழற்றி மடித்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை, இழுக்கவில்லை. பயத்தில் தானாகவே நடந்து போனாள். பிள்ளை கூடாரத்தில் மார்ச்சளி கட்டி இறந்தது. வேலைநிறுத்தம் தோற்றபிறகு கம்பெனி அதே வீட்டை வாடகை கூட்டி அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது.

அப்போது பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு சீர்திருத்தச் சங்கத்துச் சீமாட்டி வந்தாள். நல்லவள்தான், பொய் சொல்லக் கூடாது. செருப்பில் சேறு ஒட்டுவதைப் பொருட்படுத்தாமல் கூடாரம் கூடாரமாக நுழைந்தாள். சின்னச் சவப்பெட்டியைப் படம் எடுத்தாள். படம் செய்தித்தாளில் வந்தது, நகரத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பிரசங்கம் செய்தார்கள், மனு கொடுத்தார்கள். கடைசியில் ஜட்ஜ் ஒரு வரி எழுதினார்: பிரசவித்த பெண் படுத்திருக்கும் வீட்டை ஆறு வாரம் வரை காலி செய்யக் கூடாது. ஒரு குழந்தைக்கு ஒரு வரி. வெரோனா அந்த வரியை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டு வீட்டுப் பெண்களும் பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில் கூடினார்கள்.

"உன் வீடு தப்பிச்சது" என்றாள் ஹன்கா, அடுத்த வீட்டுக்காரி, கொஞ்சம் பொறாமையோடு. "எங்களுக்கு யார் இருக்கா? எனக்கு எப்ப பிள்ளை பொறந்துச்சு, எப்பவோ போன வருஷம்."

"உன் பொட்டியில மூலைத் துணி இருக்கில்ல?" என்றாள் வெரோனா.

"இருக்கு. இல்லாம என்ன? எங்கம்மா கொடுத்தது."

"அதை எடுத்து மாட்டு. எட்டு வீட்டுலயும் மாட்டுங்க. எட்டு வீட்டுலயும் ஒருத்தி படுத்துக்கங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது வீட்டு போர்கா, பல் போன விதவை, பேரன் எடுத்தவள், இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "நானுமா படுக்கணும்? எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்?"

"திரைக்குப் பின்னால யாரு பாக்கப்போறா? முனகு, போதும்."

"படுத்துடலாம். பிள்ளைக்கு எங்கடி போறது?"

"பிள்ளை ஒண்ணு இருக்கே. அவங்க முன் வாசல் வழியா வீடு வீடா வருவாங்க. பிள்ளை பின் வாசல் வழியாப் போகும்."

 போர்கா வாய்விட்டுச் சிரித்தாள், சிரிப்பு ஒவ்வொருத்தியாகத் தொற்றிக்கொண்டது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து கீழ் வரிசையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இல்கா மட்டும் சிரிக்கவில்லை. பின்கட்டில் பேசியதெல்லாம் உள்ளே அவளுக்கும் கேட்டிருந்தது. வெரோனா உள்ளே வந்ததும் திரைக்குப் பின்னால் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "மூலைய விட்டு வெளிய எடுத்துட்டுப் போறதா? என்ன பேசறே அக்கா?"

"அதான் பாதிரியார் நேத்தே வந்து பிள்ளை தலையில தண்ணி ஊத்திட்டாரே. இனிமே பேய் தொடாது. போலீசுதான் தொடும்."

"நீ திருப்பிக் கொண்டாருவியா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று இல்காவுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. வெரோனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் தூக்கிட்டுப் போன பிள்ளைய நான் திருப்பிக் கொண்டாரலை. ஊருக்கே தெரியும், நீ வாய மூடிக்க வேண்டாம்" என்றாள். "அன்னைக்கு அவங்க போன்னாங்க, நான் போனேன். இந்தப் பிள்ளை இந்த வரிசைய விட்டு ஒரு அடி தாண்டாது. தாண்டாம இருக்கத்தான் கேக்குறேன்."

இல்கா பிள்ளையின் கையைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "ஹன்காகிட்ட மட்டும் கொடு" என்றாள். "அவ கை நடுங்காது."

சனிக்கிழமை காலை கம்பெனி போலீஸ் வந்தது. முன்னால் வாட்கின்ஸ், தலைமைக் காவலன், குதிரையிலிருந்து இறங்கினாலும் இறங்காதவன் போலவே நடக்கிற ஆள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன் மிஷ்கோ, கையில் வட்டத் தொப்பி. மிஷ்கோவும் ஸ்லோவாக்தான். சூளையில் கல்கரி இழுத்தவன், நாலு ஆங்கில வார்த்தை கற்றுக்கொண்டு கம்பெனிக் கடைக்குள் நுழைந்து கழுத்தில் காலர் மாட்டிக்கொண்டவன். எந்த வீட்டிலும் இப்போது அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.

வெரோனா வாசலில் நின்றாள். மனப்பாடம் செய்த வரியை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தாள். வாட்கின்ஸின் புருவம் உயர்ந்தது. அவனுக்கும் அந்த வரி தெரியும். அதனால் பட்ட அவமானமும் தெரியும், செய்தித்தாளில் அந்தச் சவப்பெட்டிப் படத்துக்குக் கீழே வந்தது அவன் பெயர்தானே. உள்ளே வந்து திரையைப் பார்த்தான், குழந்தை அழுவதைக் கேட்டான்.

"உக்காருங்க" என்றாள் வெரோனா தன் மொழியில். "நின்னுட்டே போனா பிள்ளையோட தூக்கம் போயிரும்."

வாட்கின்ஸுக்குப் புரியவில்லை. ஆனால் மிஷ்கோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த முக்காலியில் பட்டென்று உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தான். காது மடல் சிவந்தது.

"உன்னை யாரு உக்காரச் சொன்னது?" என்றான் வாட்கின்ஸ்.

"கால் வலி சார்" என்றான் மிஷ்கோ.

அவர்கள் முன் வாசல் வழியாக இறங்கியதும் ஹன்கா பிள்ளையைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு பின் வாசல் வழியாக ஓடினாள். இரண்டாவது வீட்டில் திரை, அழுகை. மூன்றாவது வீட்டிலும் திரை, அழுகை. வெரோனா ஒவ்வொரு வீட்டிலும் முன்னால் நின்று அந்த ஒரே வரியை ஒப்பித்தாள். மூன்றாவது வீட்டில் வாட்கின்ஸ் பிள்ளையைக் காட்டச் சொன்னான். திரைக்கு மேலே இரண்டு கைகள் பிள்ளையைத் தூக்கிக் காட்டின. அதன் மணிக்கட்டில் சிவப்பு நாடா இருந்தது. மிஷ்கோ அதையே பார்த்தான்.

நாலாவது வீட்டில்தான் வினை வந்தது. வீடு வீடாக அலைக்கழிந்த களைப்பில் பிள்ளை அயர்ந்து தூங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. அதை ஈடுகட்டுவதாக நினைத்துக்கொண்டு போர்கா, "ஐயோ ஆண்டவரே, அம்மா, செத்தேனே" என்று இழவு வீட்டில் அழுவதுபோல ஓலமிட்டாள்.

வாட்கின்ஸ் திரும்பி மிஷ்கோவைப் பார்த்தான். "விலக்கிப் பாரு."

மிஷ்கோ திரைக்கு அருகில் போனான். அதை விலக்கத் தேவையே இருக்கவில்லை. திரை கொஞ்சம் கட்டை. கீழே கட்டில் விளிம்பில் போர்காவின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, ஓடைச் சேறு அப்பிய ஆண் பூட்ஸோடு. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள் பூட்ஸோடா படுப்பாள்?

வெரோனாவும் அதைப் பார்த்தாள், மிஷ்கோ பார்த்ததையும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் எட்டு வீடும் போய்விடும், எல்லாருடைய சாமானும் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கு வரும், இல்காவின் திரையும் சேர்ந்து கிழியும். பயம் வந்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"தொடுடா" என்றாள் மெதுவாக. "தொட்டுப் பாரு மிஷ்கோ. உங்கம்மா உன்னை இப்படி ஒரு துணிக்குப் பின்னாலதானே பெத்துப் போட்டா? இல்லை, ரோட்டுலயா பெத்தா? உன் தூக்கத்தை எவனும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு வந்தவனையெல்லாம் உக்கார வெச்சாளே, அந்த மகராசி, அவளை நெனச்சுக்கிட்டுத் தொடு."

மிஷ்கோ அந்தப் பூட்ஸைப் பார்த்தபடி நின்றான். பிறகு தொப்பியை ஒருமுறை சுழற்றிவிட்டு வாட்கின்ஸிடம் திரும்பினான்.

"குழந்தை தூங்குது சார்" என்றான் ஆங்கிலத்தில். "இந்தச் சனங்க முயல் மாதிரி சார். குட்டி போட்டுக்கிட்டே இருப்பாங்க. எட்டு வீட்டுலயும் இதேதான் இருக்கும், பாத்து என்ன பண்ணப் போறோம்?"

முயல் என்ற சொல் வெரோனாவுக்குத் தெரியும். சூளை மேஸ்திரி அவர்களைத் திட்டும் சொற்களில் அதுவும் ஒன்று. இவன் முகத்தில் காறித் துப்புவதா, காலைக் கழுவி முத்தமிடுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

வாட்கின்ஸ் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று மூக்கு சொல்லியது. ஆனால் பிரசவ வீட்டுத் திரையைக் கிழித்தான் என்று மறுபடியும் செய்தித்தாளில் பெயர் வருவதற்கு அவன் தயாராக இல்லை. அதற்குப் பதில் சிரித்தான்.

"இவகிட்ட சொல்லு மிஷ்கோ. வீட்டைக் காலி பண்ணக் கூடாதுன்னுதான் உத்தரவு. வீட்டுக்குள்ள இன்னும் ரெண்டு குடும்பத்தை ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு இல்லை. திங்கக்கிழமை ரயில்ல வர்றவங்களை நேரா இங்கதான் கொண்டுவரப்போறேன். மழையில நனைஞ்சு பசியோட வர்றவன் துணியைப் பாப்பானா? அவனே உங்களை வெளிய தள்ளிருவான். என் கையில அழுக்கே படாது."

மிஷ்கோ ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஓந்த்ரே ஓடைக்கு அந்தக் கரையில் வந்து நின்று கத்தினான். "நாங்க எல்லாரும் தாண்டி வந்துரட்டுமா?"

"வந்தா ஜெயிலுக்குத்தான் போவே" என்று வெரோனா இந்தக் கரையிலிருந்து கத்தினாள். "அங்கயே இரு. சட்டையத் துவைச்சுப் போடு. நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."

சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. போலீஸை ஏமாற்றலாம், சட்டத்தைக் காட்டி மிரட்டலாம். தன்னைப்போலவே பசித்து வருகிறவனை எதைக் காட்டி நிறுத்துவது? போர்காவும் அதைத்தான் கேட்டாள். "நீயும் நானும் கப்பல்ல வந்து எறங்குனப்ப, இங்க ஒரு வீட்டுல இருக்கறவங்களை வெளிய தள்ளுன்னா தள்ளியிருக்க மாட்டோமா?"  வெரோனா அடுப்புக் கம்பியை எடுத்து வாசல் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது, சேறு விடவில்லை. ரயில் நிலையத்திலிருந்து அவர்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஆண்கள், பெண்கள், முதுகில் இறகு மெத்தை கட்டிய மூட்டைகள், கப்பல் நாற்றம் போகாத கம்பளிகள். இரண்டு பக்கமும் போலீஸ், முன்னால் வாட்கின்ஸ், அவன் பின்னால் மிஷ்கோ.

இங்கேதான் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அதிபுத்திசாலி ஏஜெண்ட் செய்த வேலையைச் சொல்லவேண்டும். ஆங்கிலம் தெரிந்தவனைக் கொண்டுவந்தால் வழியில் யாராவது வேலைநிறுத்தம் என்று காதில் ஓதிவிடுவார்கள். ஆகவே ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத ஆட்களாக, கப்பலிலிருந்து இறங்கிய காலோடு ரயிலில் ஏற்றினான். எந்த ஊர், எந்தச் சனம் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கம்பெனிக்கு அவர்கள் எல்லாம் ஒன்றுதான், ஒரே வசவுச் சொல்லில் அடங்கிவிடுகிற கூட்டம். ஆங்கிலம் தெரியாதவனுக்கு வேறு எதுவும் தெரியாது என்று நினைத்துவிட்டான்.

வெரோனா அடுப்புக் கம்பியோடு வாசலில் நின்றாள். அவள் பின்னால் கதவு திறந்திருந்தது.

"இந்த வீட்டுல ரெண்டு குடும்பம்" என்றான் வாட்கின்ஸ். "உள்ள போங்க."

முதலில் வந்தவள் உயரமான பெண், முதுகில் தன்னைவிடப் பெரிய மெத்தை மூட்டை. படியில் கால் வைத்தாள். வெரோனா கம்பியை ஓங்கினாள். 

அந்தப் பெண் கம்பியைப் பார்க்கவே இல்லை. வெரோனாவின் தோளுக்கு மேலாக, அறையின் மூலையை, அங்கே தொங்கிய வெள்ளைத் துணியை, அதன் ஓரத்துச் சிவப்புப் பூக்களைப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டாள். மூட்டையை இறக்கிப் படியில் வைத்தாள். செருப்பின் சேற்றை வழித்தாள். ஓங்கிய கம்பிக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்து, வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"என்ன குழந்தை?" என்று கேட்டாள், வெரோனாவின் மொழியிலேயே, கொஞ்சம் கிழக்கத்தி இழுவையோடு.

வெரோனா ஓங்கிய கம்பியோடு அவள் பக்கம் திரும்பினாள். "பொண்ணு."

"தூங்குதா?"

"இப்பத்தான்."

அந்தப் பெண் தலையை வெளியே நீட்டித் தன் புருஷனைக் கூப்பிட்டாள். "உள்ள பிள்ளை பெத்தவ இருக்கா. நிக்காதீங்க, உக்காருங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். அவன் பின்னால் நின்றவனிடம் ஏதோ சொன்னான், அவன் தன் மூட்டைமேல் உட்கார்ந்தான். அடுத்த வீட்டு வாசலில், ரயிலில் வந்த ஒரு கிழவி எட்டிப் பார்த்து, "இங்கயும் திரை இருக்கு" என்றாள். மூன்றாவது வாசலிலிருந்தும் அதே குரல் வந்தது. எல்லா வீட்டிலும் பிள்ளை பெற்றவளா என்று யாரும் சந்தேகம் கேட்கவில்லை. திரை இருந்தால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சொல் வரிசையில் பின்னோக்கிப் போனது. பெட்டிமேல், மூட்டைமேல், அதுவும் இல்லாதவர்கள் வெறும் சேற்றில், ரயிலில் வந்த சனம் முழுவதும் கீழ் வரிசைத் தெருவில் உட்கார்ந்தது. நின்றவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்.

வெரோனா கம்பியைத் தாழ்த்தினாள். "இங்க வேலைநிறுத்தம்னு உங்களுக்குச் சொன்னாங்களா?" என்று படியில் உட்கார்ந்தவனைக் கேட்டாள். "எங்க ஆம்பளைங்கெல்லாம் ஓடைக்கு அந்தாண்ட கூடாரத்துல கெடக்கறாங்கன்னு சொன்னாங்களா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். "வேலை இருக்கு, வீடு காலியா இருக்குன்னாங்க."

"காலியாவா இருக்கு?"

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "இல்லை" என்றான். பிறகு சத்தமாக, தெரு முழுக்கக் கேட்கும்படி, "வீடு காலியா இல்லை. நம்மகிட்டப் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கானுங்க" என்றான்.

தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வாட்கின்ஸின் முகம் செங்கல் நிறமானது. "என்ன இது? எல்லாரும் எதுக்கு உக்காந்திருக்காங்க? எழுந்திருக்கச் சொல்லு! மிஷ்கோ! எழுந்திருக்கச் சொல்லுடா!"

மிஷ்கோ தெருவின் நடுவில் நின்றான். "எழுந்திருக்கச் சொல்றாரு" என்று மொழிபெயர்த்தான்.

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் குழாயில் புகையிலையை அழுத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "சொல்லட்டும். மெதுவாச் சொல்லச் சொல்லு தம்பி. குழந்தை முழிச்சுக்கும்."

மிஷ்கோ கிழவரைப் பார்த்தான். வெரோனாவைப் பார்த்தான்.  வாட்கின்ஸின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

"மெதுவாப் பேசுங்க சார். குழந்தை முழிச்சுக்கும்."

திரைக்குப் பின்னாலிருந்து இல்காவின் குரல் வந்தது. "யாரு அக்கா வந்திருக்கறது?"

"பிள்ளையப் பாக்க வந்திருக்காங்க" என்றாள் வெரோனா. "நெறைய பேரு."

அடுப்புக் கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு அந்த உயரமான பெண்ணுக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள். அன்று பனியில் தானாக இறங்கி நடந்த அதே படி. இன்று அவள் அதிலிருந்து எழுந்திருப்பதாக இல்லை.